கிளினிக் நாளில் போடாத குளிசை

தங்கச்சிக்கு வந்தது இதயத் தசை தளர்ந்துபோகும் அபூர்வ நோய். பிள்ளை வயிற்றிலிருந்த ஏழாம் மாதத்தில்தான் கண்டுபிடித்தார்கள். நெஞ்சில் நீர் சேராமலிருக்கத் தினமும் காலையில் ஒரு மருந்துக் குளிசை. அதைப் போட்டால் மூத்திரம் முட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் அது பிரச்சினையே இல்லை.

ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டி கிளினிக்குக்குப் போகும் பஸ்தான் பிரச்சினை. யுத்த காலம். திகன தாண்டியதும் சோதனைச்சாவடி. எல்லோரையும் இறக்கிச் சோதித்தபின் மற்றவர்கள் திரும்ப பஸ்ஸில் ஏறிக்கொள்ள, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் மட்டும் வெயிலில் நிற்போம். முதல் தடவை அந்த வரிசையிலேயே அவளுக்குச் சேலை நனைந்துவிட்டது. துவக்கு வைத்திருந்த ஆமிக்காரன் சிரித்தான். அவனைவிட, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்ட நம்ம ஆட்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அன்று யோசனை சொன்னது நான். பெரிய புத்திசாலி!

"கிளினிக் நாள்ல குளிசை வேணாம். அதுக்கு மொத நாளும் விட்டுட்டா இன்னும் நல்லது."

"நீ சொன்னா சரிக்கா" என்றாள்.

இரண்டு தடவை தப்பித்தோம். மூன்றாம் தடவை, கொழும்பில் எங்கோ குண்டு வெடித்ததென்று மத்தியானம் வரை எங்களை நிறுத்திவைத்தார்கள். "அக்கா, மூச்சு முட்டுது" என்று என் தோளைப் பிடித்தாள். வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் ஓடிவந்தார். "குளிசை ஒழுங்காப் போட்டவவோ?"

ஏசுவாரே என்று பயம். ஆம்பளையிடம் மூத்திரக் கதையை எப்படிச் சொல்வதென்ற வெட்கம் வேறு. "போட்டா டாக்டர்" என்றேன். அவர் நம்பாமல் அவளைப் பார்த்தார். ஒட்சிசன் மாஸ்க்குக்குள்ளிருந்து அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஆமென்று தலையாட்டினாள், நான் ஏச்சு வாங்கக் கூடாதென்று.

"அப்ப நோய் இந்த மருந்துக்குக் கேக்கேல்லை" என்று அவர் தாதியிடம் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா, தெரியாது. யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை. வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். அதன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

மகள் என்னிடம்தான் வளர்ந்தாள். பெற்றவள் வேறென்று தெரிந்தும் என்னைத்தான் அம்மா என்பாள். இப்போது அவளுக்கும் மூன்று மாதம். போன கிழமை கிளினிக்கிலிருந்து வந்தவள் சொன்னாள்:

"பெத்த அம்மாவோட இதய நோயப் பத்தி விசாரிச்சாங்க, மருந்து ஒழுங்கா போட்டாங்களான்னு கேட்டாங்கம்மா. நீங்க சொன்ன மாதிரியே ஆமான்னுட்டேன்."

நான் அன்றும் உண்மையைச் சொல்லவில்லை.