சுவர் வேலை செய்த எட்டு நாட்கள்

2003 செப்டம்பர். மானுடவியல் ஆய்வு மாணவியாக மண் வீடுகளைப் பற்றி நான் எழுதிய முதல் அத்தியாயத்தை என் பேராசிரியர் அப்படியே திருப்பிக் கொடுத்தார். "நிற்கிற சுவரை நூறு பார்த்திருக்கிறாய். எழும்புகிற சுவரை ஒன்றாவது பார்த்தாயா?" என்றார். கோபத்தில் அன்றே பையைக் கட்டிவிட்டேன்.

கோயம்பேட்டில் காலை ஐந்தரைக்குப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 190 கி.மீ. டிக்கெட் 65 ரூபாய். பத்தரைக்குத் திருவண்ணாமலையில் இறங்கினேன். செங்கம் சாலையில் நாளுக்கு 150 ரூபாய்க்கு ஓர் அறை. அடி அண்ணாமலையில் ஒரு பெண் தனக்குத்தானே மண் வீடு கட்டுகிறார் என்று விடுதிக்காரர்தான் சொன்னார். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

அந்தப் பெண் செல்வி. டவுனில் லாட்ஜ் கட்டடங்களில் பத்து வருடம் சிமெண்ட் கலவை போட்ட சித்தாள். தன் மனையிலேயே தோண்டிய மண்ணில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கணவரின் அண்ணன் ஏழுமலைக்கு இது பிடிக்கவில்லை. முதல் மழையில் சுவர் கரைந்தால், செல்வி குடும்பம் மறுபடி அவர் வீட்டின் பின்னறைக்கே போக வேண்டும் என்பது இருவருக்கும் இடையே பேச்சு. மூன்று குழந்தைகளோடு அந்த ஒற்றை அறையில் ஆறு வருடம் இருந்தவர் செல்வி.

நான் போனபோது சுவர் முழங்கால் உயரம் இருந்தது. ஒருவரும் வேலை செய்யவில்லை. மறுநாளும் இல்லை. நோட்டில் 'வேலை நிறுத்தம்' என்று எழுதினேன். மூன்றாம் நாள் பொறுமை போய்க் கேட்டே விட்டேன்.

"ஆள் வரலையா செல்வி?"

"ஆளு இன்னாத்துக்கு மேடம்? செவுரு வேல செய்யுதுங்க."

என் கட்டைவிரலைப் பிடித்துச் சுவரில் அழுத்தினார். நகம் பாதி உள்ளே போனது. "இது எறங்காத அன்னிக்குத்தான் மேல வெப்போம். ஈரத்து மேல வெச்சா ஜாஸ்தி நாள் நிக்காது."

நான்காம் நாள் விரல் இறங்கவில்லை. வைக்கோல் சேர்த்து ஊறிய மண்ணைச் செல்வி குடும்பமும் நானும் மிதித்தோம். ஒரு தடவைக்கு ஒரு முழ உயரத்தில் ஒரு வரி, அவ்வளவுதான் கணக்கு. வடக்கு மூலையை என்னிடம் விட்டார். எனக்குத்தான் அவசரமாயிற்றே. ஒரு வரி முடிந்ததும் அதன்மேலேயே இன்னும் அரை முழம் ஏற்றிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் சுவர் வயிறு தள்ளியது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை. செல்வி மண்வெட்டியால் அதை வெட்டித் தள்ளிவிட்டு, "இப்ப நீங்களே வைங்க, ஒரு வரி மட்டும்" என்றார்.

ஏழாம் நாள் மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. சுவரின் தலையைத் தென்னங்கீற்றால் மூடிவிட்டுப் பக்கத்து மாட்டுக்கொட்டகையில் ஒண்டினோம். ஏழுமலையும் அங்கேதான் வந்து நின்றார். செல்வி சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விழுந்தால் என் மூலைதான் முதலில் விழும்.

நாலரைக்கு மழை விட்டது. மேற்பூச்சாக இருந்த மண் கொஞ்சம் கரைந்து வைக்கோல் தெரிந்தது. கீறல் ஒன்று இல்லை. ஏழுமலை நேராக, அன்று வயிறு தள்ளிய வடக்கு மூலைக்கே போய்க் கட்டைவிரலை அழுத்தினார். பலமாக இன்னொரு முறை. இறங்கவில்லை.

"அடுத்த மண்ணு எப்ப மிதிக்கிற?" என்றார்.

"நாளைக்கு மாமா."

"வரேன்."

அவர் தலை மறைந்ததும் செல்வி சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்தத் தேர்விலும் கிடைத்ததில்லை.

இப்படிச் சுவர் எழும்புவதைப் பார்க்கப் போக நினைப்பவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிருங்கள், கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ உள்ளே போகாது. மழைக்கு முன், ஆவணி, புரட்டாசியில் போங்கள். பத்து நாளாவது ஒதுக்குங்கள். யாரும் வேலை செய்யாத நாளில் கிளம்பிவிடாதீர்கள். நான் நோட்டில் 'வேலை நிறுத்தம்' என்பதை அடித்துவிட்டு 'சுவர் வேலை செய்கிறது' என்று எழுதினேன். திருத்தி எழுதிய அத்தியாயம் பேராசிரியரிடமிருந்து திரும்பி வரவில்லை.

ஐப்பசி மழை வலுப்பதற்கு முன் கூரை போட்டுப் பால் காய்ச்சினார்கள். நானும் போயிருந்தேன். வாசலில் ஏழுமலை நின்றிருந்தார். வந்தவர் ஒவ்வொருவரையும் வடக்கு மூலைக்கு அழைத்துப் போய், கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.