பேரம் பேசாமல் புத்தகம் விற்க வந்த பெண்

பழைய புத்தகம் வாங்கி விற்கும் தொழிலில், வருகிறவனெல்லாம் திருடன் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் ஹெட்மாஸ்டர் ஐயா, திண்டுக்கல்லில் கடை போட்ட இத்தனை வருஷத்தில் நான் பார்த்த பெரிய திருடர் நீங்கள்தான். பேரம் பேசிப் பிழைக்கும் என் இனத்தவரே, என்ன திருடினார் என்று கேளுங்கள்.

கசங்காத புத்தகம்

அரையாண்டுப் பரீட்சை மார்க்கு வந்த வாரம், பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் மொத்தப் புத்தகத்தையும் கொண்டுவந்து போட்டான். பெரிய பரீட்சைக்கு முன்னால் எவன் விற்பான்? சட்டையைப் பிடித்தேன். பையிலிருந்து லாட்டரிச் சீட்டுகள் விழுந்தன.

அரையாண்டில் பெயிலானவர்களைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, 'பெரிய பரீட்சையைத் தனியாகவே எழுதிக்கொள்கிறேன்' என்று கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். "லாட்டரிக்கு என் காசு கிடையாது, போடா" என்றேன். அவன் அசரவில்லை. "ரெண்டு ரூபா கூடவே போடுங்கண்ணே, பெயிலானவன் புத்தகந்தான் கசங்காம இருக்கும்!"

எதைச் சொன்னாலும் சரி

அடுத்த வாரம் அதே பள்ளிக்கூடத்துப் பெண் ஒன்று வந்தது. சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டுப் படித்த புத்தகங்கள். கட்டுக்கு ஆறு ரூபாய் என்றேன், அடிமாட்டு விலை. "சரிண்ணே." மூன்று என்றேன். அதற்கும் "சரிண்ணே."

திருட்டுச் சாமானுக்குக்கூட நாலணா ஏற்றிக் கேட்பார்களே! "எங்க களவாண்ட?" என்று கத்தினேன். அது அழவில்லை. ஜாமெட்ரி பாக்ஸையும் பேனாவையும் எடுத்து மேலே வைத்தது. "இதை இல்லாத புள்ளைக்கு யாருக்காச்சும் சும்மா குடுத்துருங்க. எனக்கு இனிமே எதுவும் தேவைப்படாது."

கேட்கக் கூடாத கேள்வி

சில்லறை இல்லை, செத்த நேரம் இரு என்று பொய் சொல்லி உட்கார வைத்து, கடைக்குப் பின்கட்டிலிருந்து என் பெண்டாட்டியைக் கூப்பிட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டாள்: "ஏத்தா, செத்துப் போயிரலாம்னு நினைக்கிறியா?"

இல்லாத நினைப்பை ஏண்டி கிளப்புகிறாய் என்று பாய்ந்தேன். அதற்குள் பிள்ளை தலையை ஆட்டிவிட்டு, அவள் மடியில் விழுந்து ஓவென்று அழுதது. அதனிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லப் பயந்து, எட்டு நாளாகப் பள்ளிக்கூடம் போவதுபோல பஸ் ஏறி வந்து ஊரைச் சுற்றியிருக்கிறது. அதன் தலையைத் தடவிக்கொண்டே அவள் என்னை முறைத்தாள். "நான் கேட்டா வந்த நினைப்பு இது? கேக்க ஒரு நாதியில்லாமத்தான உங்க கடை வரைக்கும் வந்திருக்கு!"

போர்டுக்கு அடியில்

அன்றே இருவருமாகப் போய்ப் பிள்ளையை வீட்டில் விட்டு, பெற்றவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னோம். இப்போது அதன் அம்மா கண்ணை விட்டு அகல விடுவதில்லை. மறுநாள் உங்களிடம் வந்தேன், ஐயா. 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தீர்கள். நாலு மார்க்கு குறைந்ததற்கு ஒரு உயிர் போகப் பார்த்தது என்றேன். நாற்காலியைக்கூடக் காட்டாமல் கேட்டீர்கள்: "பழைய பேப்பர்க்காரனுக்குப் பள்ளிக்கூடத்துப் பேரைப் பத்தி என்னய்யா தெரியும்?"

தெரியாதுதான், ஆனால் பரீட்சைக்கு நாள் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிய அந்தக் கடுதாசிகளைக் கிழித்துப்போட்டு, அந்தப் பெண்ணையும் லாட்டரி வாங்கிய தறுதலையையும் கூப்பிட்டு அவர்களிடமிருந்து நீங்கள் திருடிய பெஞ்சில் உட்கார வையுங்கள், இந்த ஒன்றில் மட்டும் நான் ஒரு பைசா இறங்கி வரமாட்டேன்.