ஒயில் குடிக்கும் கார்

புதுக்குடியிருப்பில் வாடகைக் கார் ஓட்டும் யோசெப்பை நல்ல சாரதி என்று யாரும் புகழ்ந்ததில்லை. எங்கும் இடித்ததில்லை, எங்கும் பிந்திப் போனதில்லை; அவ்வளவுதான். மனைவி மார்கிறட் ஆவணியில் இறந்தபோது, கடற்கரையிலிருந்து வந்த உறவினர்கள் அவர் அழுவார் என்று காத்திருந்தார்கள். அவர் வாடகைக்கு எடுத்த கதிரைகளை அடுக்கிக் கடையில் ஒப்படைத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை கமலாட்சி அக்காவை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி ஆசுபத்திரிக்குப் போனார்.

கமலாட்சிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். யோசெப்புக்கு மற்ற ஐந்து நாட்களும் ஒன்றுபோலவே கிடந்தன. எழும்பினாலும் சரி, எழும்பாவிட்டாலும் சரி. இந்த இரண்டு நாளில் மட்டும் காலை ஐந்தரைக்கு ஒருவர் வாசலில் பையோடு நிற்பார் என்பதால் எழும்பியே ஆகவேண்டியிருந்தது.

கார் ஒயில் குடிக்கத் தொடங்கியது ஐப்பசியில். முதலில் மாதம் ஒரு போத்தல், பிறகு கிழமைக்கு ஒன்று. தை பிறந்தபோது பின்னால் நீலப்புகை எழுந்தது.

"என்ன யோசெப், பின்னாலை சாம்பிராணி போட்டுக்கொண்டு வாறியோ?" என்றார் கமலாட்சி. "எனக்குக் குடிக்கிற தண்ணியையும் அளந்துதான் தருகினம். உன்ரை கார் குடுத்துவைச்சது."

"பழைய எஞ்சின் அக்கா."

"நானும் பழசுதான். ஆனால் நடுவழியிலை நிண்டால் ஆர் என்னைத் தூக்கிறது? மகன் நேற்றும் கேட்டவன், நிறோஜன்ரை வானைப் பேசட்டோ எண்டு."

அன்று மாலை வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் யோசெப் அளவுக்கம்பியை இழுத்து ஒயில் பார்த்தார். குறைவாகக் காட்டியது. மிச்சமிருந்த போத்தலை முழுவதும் விட்டார்.

மறுநாள் காரைத் தர்மபுரத்தில் பிரதாபனின் கராஜுக்குக் கொண்டுபோனார். எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்பதே யோசெப்பின் முடிவு. எஞ்சினைக் கழற்றினால் பன்னிரண்டு நாளாவது ஆகும். அதற்குள் அக்காவின் ஓட்டம் நிறோஜனிடம் போய்விடும், போனது திரும்பாது. இதையெல்லாம் அவர் வேறு யாருக்கோ நடக்கப்போவதுபோல அறிந்திருந்தார்.

"முதல் ஒழுகுதோ எரியுதோ எண்டு பாப்பம் அண்ணை," என்று பிரதாபன் அடியில் படுத்தான். கீழே ஒரு சொட்டும் இல்லை. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினான். நுனியில் கரியும் ஒயிலும் பிடித்திருந்தன. அந்தத் துளைகளில் ஒவ்வொன்றாக அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தான். நான்கும் ஏறக்குறைய ஒரே நல்ல அளவைக் காட்டின.

"ரிங் நல்லாயிருக்கு."

"வடிவாப் பார் தம்பி."

"வடிவாத்தான் பாத்தனான். ஏனண்ணை செத்தவீட்டுக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறியள்? எஞ்சின் உயிரோடைதான் கிடக்கு."

சொன்ன பிறகுதான் பிரதாபனுக்கு உறைத்தது. அவன் குனிந்து ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டு நின்றான். யோசெப்புக்கு அது படவேயில்லை. நட்டு எந்த அளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயைக் கழற்றியபோது உட்புறம் முழுவதும் ஒயில் பிசுபிசுத்தது. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் சிறிய வால்வைப் பிடுங்கிக் காதருகே வைத்து ஆட்டினான் பிரதாபன்.

"நல்லதெண்டால் கிலுகிலுக்கும். இது இறுகிப்போச்சு. ஆவி போக வழியில்லாமல் ஒயிலையும் தள்ளிக்கொண்டு காத்துக் குழாய்க்குள்ளை வருது. அங்கையிருந்து போய் எரியுது. ஆனால் இதாலை மட்டும் இவ்வளவு குடிக்காது. கார் இரவு இதிலையே ஆறட்டும். நாளைக்குக் காலமை ஒயிலை அளப்பம்."

யோசெப் பஸ்ஸில் வீட்டுக்குப் போய், காலையில் பஸ்ஸிலேயே வந்தார். பிரதாபன் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினான். மேற்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் ஒயில் நின்றது.

"எப்ப விட்டனீங்கள்?"

"முந்தநாள். குறைவாக் காட்டினது."

"எந்த நேரம் பாத்தனீங்கள்?"

"ஓட்டத்தாலை வந்து நிப்பாட்டின உடனை."

"அட கடவுளே! ஒயில் எல்லாம் மேலை சுத்திக்கொண்டு நிக்கேக்கை பாத்தால் குறையத்தானே காட்டும்? காலமையிலை பாக்கிறேல்லையோ?"

காலையில் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. யுத்தமும் பொருளாதாரத் தடையுமாக இருந்த காலத்தில் உழவு இயந்திரமும் பிறகு லொறியும் ஓட்டினார். நிறுத்தியதும் முதல் வேலை ஒயில் பார்ப்பது. சனங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்கு எப்போது கிளம்பவேண்டி வரும் என்று தெரியாது. எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க ஒருவருக்கும் பொழுது இருந்ததில்லை. கிடைத்த ஒயிலை எல்லாம் கோட்டைப் பாராமல் உள்ளே விட்டுவிடுவார்கள். போத்தலில் இருந்தால் யாராவது கொண்டுபோவார்கள். எஞ்சினுக்குள் இருந்தால் தன்னுடையது. இடம்பெயர்வு முடிந்து இத்தனை வருடமாகியும் கை அதைத்தான் செய்தது. வால்வு வேலை செய்த காலத்தில் கூடுதலாக விட்டது பெரிதாகத் தெரியவில்லை. இறுகிய பிறகு, குறைகிறது என்று ஊற்றினார். ஊற்ற ஊற்ற, மிஞ்சியது குழாயால் போய் எரிந்தது.

"அப்ப பழகினது," என்றார்.

பிரதாபன் சிரிக்கவில்லை. "என்ரை அப்பாவும் உப்பிடித்தான்," என்றான்.

அதிகமாயிருந்த ஒயிலைக் கீழால் வடித்தான். கிளிநொச்சியிலிருந்து எடுப்பித்த புது வால்வைப் பொருத்தி, குழாயைக் கழுவினான். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

"காலமையிலை, ஆறின பிறகு, சமதரையிலை வைச்சுப் பாருங்கோ. ரெண்டு கோட்டுக்கும் நடுவிலை நிண்டாலும் காணும். கீழ்க்கோட்டுக்கு வராமல் ஒரு சொட்டும் விடாதேங்கோ."

வெள்ளிக்கிழமை விசுவமடு தாண்டும்போது கமலாட்சி திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"சாம்பிராணி முடிஞ்சுதோ? சரி, அப்ப மகனுக்கு வான் வேண்டாமெண்டு சொல்லுறன்."

"ஓமக்கா."

நெஞ்சில் ஏதாவது இளகும் என்று யோசெப் சற்றுநேரம் பார்த்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. முன்னால் போன உழவு இயந்திரத்தை முந்தினார்.

அன்று மாலை வீட்டு வாசலில் நிறுத்தியதும் கை தானாகவே காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்தது. கம்பியைத் தொடாமல் மூடினார்.

சனிக்கிழமை ஓட்டம் இல்லை. ஆனாலும் ஐந்தரைக்கே எழும்பி வெளியே போனார். கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்தார். மேற்கோட்டிலேயே நின்றது. விடுவதற்கு ஒன்றுமில்லை. செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.