சாராள் உடைத்த பஸ் கண்ணாடி

ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்த நாள்முதலே சாராளுக்கு வாயாடி என்று பெயர். அந்தக் கம்பெனியின் ஏசி பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. வேலைக்கு வரும் பெண்கள் வழியில் இறங்கிவிடக் கூடாதென்று, கேட் வரும்வரை கதவு திறக்காது. டிரைவர் டீ குடிக்கப் போனாலும் பூட்டிக்கொண்டுதான் போவார். இந்தச் சட்டம் போட்ட மகராசன் அந்த பஸ்ஸில் ஒரு நாளும் ஏறியிருக்க மாட்டான்.

குருபரப்பள்ளியில் டிரைவர் ஏசியை அணைத்து அப்படிப் பூட்டிவிட்டுப் போன ஒரு மத்தியானம், இளைப்புக்காரி இருளாயி மூச்சு முட்டிச் சரிந்தாள். பெண்கள் கதவைத் தட்டினார்கள், கத்தினார்கள். கடைசியில் சாராள் தன் சோற்றுத் தூக்குப்போசியால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். காற்று வந்தது, ரோட்டில் போன ஆட்களும் ஓடி வந்தார்கள், இருளாயி பிழைத்தாள். சாராள்மேல் வழக்கு வந்தது. கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தினாளாம்!

கிருஷ்ணகிரி கோர்ட்டில் அதற்குச் சாட்சி, பஸ் கேமரா காட்சியைக் கம்பெனி நகலெடுத்துக் கொடுத்த ஒரு பென் டிரைவ். அதில் சாராள் உடைப்பது பளிச்சென்று இருந்தது. இருளாயி விழுந்ததை மட்டும் காணோம்.

சாராளின் வக்கீல் வெங்கடப்பனுக்கு வாயெல்லாம் பல். "ஏம்மா, இது நகலு. யார் எடுத்தா, எதுல இருந்து எடுத்தான்னு சர்டிபிகேட்டும் இல்ல. கோர்ட்டு ஏத்துக்காது. நீ வாயத் தொறக்காம இரு, விடுதலைதான்."

சாராளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒடச்சுட்டுத் தப்பிச்சவன்னுதான சார் நாளைக்குப் பேசுவாங்க? பஸ்ஸும் பூட்டியேதான் ஓடும். கேமரா படம் பதிவாவுற அந்தப் பெட்டியவே கொண்டாரச் சொல்லுங்க."

"வம்ப வெலைக்கு வாங்காத. தீர்ப்பு மாறிப்போச்சுன்னா வேலையும் போயிரும்."

"போவட்டும் சார்."

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு மனுப் போட்டார். நீதிபதி அசல் பெட்டியைக் கேட்டார். உடனே கம்பெனிக்கு ஞானோதயம் பிறந்து, சமாதானமாகப் போகலாமென்று ஆள் அனுப்பியது. வந்தவருக்குச் சாராள் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

பெட்டி வந்தது. வெட்டு ஒட்டு இல்லாத பதிவு என்று ஆய்வகம் சொன்ன பிறகு, திரையில் முழுதும் ஓடியது. பூட்டிய கதவு, விழுந்து கிடக்கும் இருளாயி, அலறும் பெண்கள், அப்புறம்தான் தூக்குப்போசி.

"கண்ணாடிய உடைச்சது நீங்கதானா?" என்றார் நீதிபதி.

வெங்கடப்பன் கண்ணாலேயே கெஞ்சினார்.

"நான்தாங்கய்யா. மறுக்காப் பூட்டினாங்கன்னா மறுக்காவும் ஒடப்பேன்."

உயிரைக் காக்க உடைத்தது குற்றமாகாது என்று விடுதலை எழுதிய நீதிபதி, பெண்களை உள்ளே வைத்துப் பூட்டியது யாரென்று விசாரிக்கும்படி போலீசுக்கு உத்தரவிட்டார்.