முதலிடம் வந்த பெண்

பெரம்பலூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் முதல்வராக இருந்தவர் கலைமணி. தா.பழூரில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, நாற்பத்தாறு வயதில் அந்த நாற்காலிக்கு வந்தவர்.

அப்போது அங்கே பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. ஏழே வருஷத்தில் தேர்ச்சி தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியது. பழைய கேள்வித்தாள்களை அலசி, பாடத்துக்கு இருபது கேள்வி பொறுக்கி, விடைகளை மனப்பாடம் செய்ய வைத்தார். ஆய்வக நேரமும் அதற்கே போனது. செய்முறைத் தேர்வில் எல்லோருக்கும் மதிப்பெண்ணை வாரி வழங்கச் சொன்னார். சிறந்த முதல்வர் விருது வாங்கிய மேடையில், மாணவர்களின் கற்றல் பற்றி அரைமணி நேரம் பேசவும் பேசினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சத்யப்பிரியா வந்து நின்றாள். முந்தின வருஷம் வேதியியலில் முதலிடம் வந்த பெண். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் சேர்ந்திருப்பதாகச் சொல்லியிருந்தாள்.

"வேல எப்புடிம்மா இருக்கு?"

"நாலாம் நாளே அனுப்பிச்சுட்டாங்க மேடம். பியூரெட்ட ஸ்டாண்டுல மாட்டக்கூடத் தெரியல எனக்கு. வேற ஒரு எடத்துல கூப்புட்டிருக்காங்க. இன்னைக்கு ஒரு நாள் லேப்ப தொறந்து வுடுறீங்களா? கையால ஒரு தடவ செஞ்சு பாத்துக்கறேன்."

கலைமணியே சாவி எடுத்துக்கொண்டு போனார். பியூரெட் என்ற அந்த அளவுக் கண்ணாடிக் குழாய்கள் அட்டைப்பெட்டியிலேயே இருந்தன. கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வருகிறதென்று வாங்கியவை. ஒட்டிய டேப்பை அவர் கிழித்த சத்தம் அந்தக் காலி அறையில் பெரிதாகக் கேட்டது.

குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடக் கற்றுக்கொடுத்தார். குடுவையில் இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் அந்தப் பெண் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"பிராக்டிகல்ல எனக்குத் தொண்ணூத்தெட்டு போட்டிருந்துச்சே மேடம், எதப் பாத்துப் போட்டாங்க?"

குத்திக் காட்டும் குரல் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். கலைமணிக்கு முகம் எரிந்தது. கழுவிய குடுவையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில், "அந்த பிராக்டிகல் மார்க்கெல்லாம் நான் போடச் சொன்னது" என்று எல்லோர் முன்பும் ஒப்புக்கொண்டார். கேள்விப் பட்டியலை நிறுத்தினார். அந்தப் பருவத்தில் தேர்ச்சி அறுபதுக்கு இறங்கியது. தாளாளர் உத்திராபதி கூப்பிட்டு அனுப்பினார். "பேர வாங்கிக் குடுத்ததும் நீங்க, கெடுக்கறதும் நீங்களா மேடம்?"

"அந்தப் பேரே பொய்யுங்க சார்."

பதவி போனது. கெஞ்சிக் கேட்டு வேதியியல் துறையிலேயே தங்கிக்கொண்டார். இப்போது முதலாண்டு ஆய்வகம் அவர் பொறுப்பு. பிள்ளைகள் ஏதாவது ஒன்றை உடைக்காத வாரமே இல்லை.

சத்யப்பிரியாவுக்கு அந்த இன்னொரு வேலையும் கிடைக்கவில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். கேள்விப்பட்டு, மன்னிப்புக் கேட்பதற்கென்றே ஒருநாள் பஸ் ஏறிப் போனார் கலைமணி.

"மேடம்! வாங்க, வாங்க!" அவள் ஓடி வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கடைக்காரரிடம், "சார், எங்க பிரின்சிபால் மேடம் இவங்க, இவங்களாலதான் நான் டிகிரி முடிச்சேன்" என்றாள்.

கலைமணி தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.