ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் துவைக்கும் அறை

சூரிக் விமான நிலையத்தில் நாங்கள் இறங்கியது சனிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு. 2018, மார்ச் மாதம். கிகாலியில் ஏறி, இஸ்தான்புல்லில் மாறி, ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. நான் ஐம்பத்திரண்டு வயதுக் கோயம்புத்தூர்க்காரி. என்னோடு வந்தவள் க்ளோடின். இருபத்து நான்கு வயது, ருவாண்டாக்காரி. விமானம் ஒருமுறை குலுங்கியதில் அவளுடைய வெள்ளைச் சட்டையின் முன்புறம் முழுக்கத் தக்காளிச் சாறு. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய சட்டையை ஏன் விமானத்திலேயே போட்டுக்கொண்டாள் என்று கேட்டேன். "பெட்டி தொலைந்துவிட்டால்?" என்றாள். பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது.

நாங்கள் ஏன் வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். கிகாலியில் ஒரு சிறிய பயிற்சி மையத்தில் நான் ஆசிரியை. ஐரோப்பிய நிறுவனங்கள் வெளியே கொடுத்துச் செய்துகொள்ளும் கணினி வேலைகளுக்கு அங்கே இளைஞர்களைத் தயார் செய்கிறோம். மென்பொருள் சோதனைதான் முக்கியப் பாடம். புதிதாக எழுதிய செயலியைத் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும். அமெரிக்காக்காரர்களுக்காக நான் சென்னையில் இருபது வருடம் செய்த அதே வேலை. பன்னிரண்டு பேர் படித்து முடித்துக் காத்திருந்தார்கள். ஜூனோடு மையத்துக்கு வரும் உதவித்தொகை நிற்கிறது. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் கதவை மூட வேண்டியதுதான். அந்தப் பன்னிரண்டு பேரில், ஹோட்டல் வரவேற்பறையில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவள் க்ளோடின். சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் ஃப்ரிபூர்க் நகரத்து நிறுவனம் ஒன்று முன்னோட்டமாகத் தன் செயலியைக் கொடுத்து, சோதித்த அறிக்கையோடு நேரில் வரச் சொல்லியிருந்தது. விசா கிடைத்தது எங்கள் இருவருக்கு மட்டும்.

அந்தச் செயலி அடுக்குமாடி வீடுகளுக்கானது. வாடகை, பழுது, புகார் எல்லாம் அதில் உண்டு. எல்லா வீட்டாருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறைக்கு முறை பதிவு செய்யும் வசதியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிவு செய்யவே முடியவில்லை என்று எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். வாரத்தில் எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரே நாள் அது. நான் அதை முதல் பிழையாக மேலே ஏற்றி, சிவப்பு அடித்து, 'மிகக் கடுமையானது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு மூன்று வாரம் முன்பே அனுப்பியிருந்தேன். அந்த முதல் வரியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில். பெர்னுக்கு ஒருவருக்கு ஐம்பத்தேழு ஃபிராங். நம் பணத்தில் நாலாயிரத்துக்குப் பக்கம். ஒன்றேகால் மணி நேரத்தில் பெர்ன். டிக்கெட் பார்க்க வந்த பெண்மணி ஜெர்மனில் பேசி, முடிக்கும்போது 'மெர்சி' என்றாள். "இவர்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா?" என்று க்ளோடின் கேட்டாள். ருவாண்டாவில் பிரெஞ்சு படித்தவள் அவள். பெர்ன்காரர்கள் நன்றிக்கு மட்டும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

ஹோட்டலுக்குக் கொடுக்க எங்களிடம் வசதி இல்லை. சென்னையில் என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்துத் தோழியின் தங்கை வதனி, பெர்னின் மேற்கே பூம்ப்ளிஸில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பிரிவில் வேலை. கணவர் உணவகத்தில் சமையல்காரர். வார இறுதியில் அவரைப் பார்ப்பது அரிது. மகள் அபிரா பத்தொன்பது வயது, இங்கேயே பிறந்தவள். நாலு ஃபிராங் அறுபது சென்டீமுக்கு டிக்கெட் எடுத்து டிராமில் போய் இறங்கினால், நிறுத்தத்திலேயே தாயும் மகளும் நின்றிருந்தார்கள்.

"வாங்கோ அக்கா. குளிருதோ?" என்று கேட்டுக்கொண்டே வதனி தன் கழுத்துத் துணியை எடுத்து க்ளோடினுக்குச் சுற்றிவிட்டாள். பெயர்கூட இன்னும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் புட்டும் நண்டுக் குழம்பும். க்ளோடின் மூன்று முறை புட்டு வாங்கிச் சாப்பிட்டாள், நானும் விட்டுக்கொடுக்கவில்லை. வதனி தங்கள் படுக்கையை எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்கள் சும்மா இருங்கோ" என்று வாயை அடைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை எட்டு மணி. வீடு இன்னும் எழுந்திருக்கவில்லை. சட்டையைத் துவைத்துவிடலாம் என்று க்ளோடினைக் கூட்டிக்கொண்டு நிலவறையில் இருந்த துவைக்கும் அறைக்கு இறங்கினேன். பெரிய இயந்திரங்கள் இரண்டு, கண்ணாடி போலத் துடைத்த தரை, ஆள் ஒருவர்கூட இல்லை. கோயம்புத்தூரில் ஞாயிறு காலை தெரு முழுக்கத் துவைக்கும் சத்தம்தான் கேட்கும். நமக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டு இயந்திரத்தின் கதவைத் திறந்தேன். பின்னாலேயே வதனி தூக்கக் கலக்கத்தோடு ஓடிவந்தாள்.

"ஐயோ அக்கா, மூடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை இஞ்ச ஒருத்தரும் உடுப்புத் தோய்க்கிறேல்லை."

"மிஷின் காலியாத்தானே இருக்கு வதனி?"

"அது தான் சட்டம் அக்கா. ஞாயிறு சத்தம் போடக் கூடாது. நாங்கள் வந்த புதுசில ஒருக்கால் போட்டிட்டம், கட்டிடம் பாக்கிற மனுசன் கதவில கடிதம் ஒட்டிப்போட்டார். வாசிக்கத் தெரியாமல் நாங்கள் அதை ரெண்டு நாள் அப்பிடியே விட்டிருந்தம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருப்பது பிழையே இல்லை. இந்த நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் அது. அதைத்தான் நான் சிவப்பு அடித்து முதல் வரியில் அனுப்பியிருக்கிறேன். நம் நாட்டைப் பற்றி இவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று அந்த நிறுவனத்தில் எல்லோரும் சிரித்து முடித்திருப்பார்கள். பன்னிரண்டு பேருடைய பிழைப்பும் என் பெருமையில் போய்விட்டது என்று தோன்றியது. அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வதனி சட்டையை வாங்கிக் குளியலறைத் தொட்டியில் கையாலேயே கசக்கினாள். க்ளோடின் மட்டும் மேலே வரவில்லை. அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால், அபிராவை எழுப்பிக் கூட்டிவந்து, சுவரில் தொங்கிய தாளைக் காட்டிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் குறிப்பேடு. யார் வீட்டுக்கு எந்த நாள் என்று அச்சடித்த தாள் அது. அச்சடித்த பெயர்களில் பாதிக்குப் பாதி பேனாவால் அடித்து வேறு பெயர் எழுதியிருந்தது.

அபிரா பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்து மொழிபெயர்த்தாள். எனக்குத் தமிழிலும் சொன்னாள்: "அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைதான் முறை, அன்ரி. ஆனா வெள்ளி அவவுக்கு நீள ஷிப்ட். மேல்வீட்டு ரோசா போர்த்துக்கல் ஆள், அவவுக்குப் புதன். ரெண்டு பேரும் மாத்திப்போட்டினம். எல்லாரும் அப்பிடித்தான், கதைச்சு மாத்துறது. தாளில எழுதினாச் சரி."

"செயலியில் மாற்றிக்கொள்ள இடமே இல்லை," என்றாள் க்ளோடின். "ஒருவர் ரத்து செய்தால் யார் முந்துகிறாரோ அவருக்குப் போய்விடும். இந்தத் தாளால் முடிவது அதனால் முடியாது."

அன்று மத்தியானம் நான் என் பழைய கைவேலையைக் காட்டினேன். அறிக்கையில் முதல் வரியை எடுத்துவிட்டு, எண்களை மாற்றி, 'திருத்திய பதிப்பு' என்று போட்டு மடிக்கணினியை க்ளோடின் பக்கம் திருப்பினேன். சென்னையில் வாடிக்கையாளர் கண்ணில் படுமுன் இப்படி எத்தனையோ வரிகளைக் காணாமல் போக்கியிருக்கிறேன்.

அவள் படித்துவிட்டு மறுப்பாகத் தலையசைத்தாள். "அவர்களிடம் பழையது இருக்கிறது, மேடம். நாம் மறைத்தால் அவர்களுக்குத் தெரியும். நாளை நான்தான் இதை முதலில் சொல்லப் போகிறேன்."

"வேலை போயிடும் க்ளோடின்."

"ஹோட்டல் வேலையை விட்டது நான்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மாலை முழுக்க அவளோடு சரியாகப் பேசவில்லை. இப்போது எழுதும்போது அதற்காக வெட்கமாக இருக்கிறது.

திங்கள் காலை எட்டரைக்குப் பெர்னில் ஃப்ரிபூர்க் ரயில் ஏறினோம். முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபத்திரண்டு நிமிடம். ஊர் நெருங்கும்போது அறிவிப்பு பிரெஞ்சில் வந்ததும் க்ளோடின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சட்டையில் கறை தெரியவில்லை. வதனி காலை ஐந்து மணிக்கு எழுந்து அதை இஸ்திரி போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

எங்களைச் சந்தித்தவரை மார்ட்டின் என்று வைத்துக்கொள்கிறேன். ஐம்பது வயதிருக்கும், சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. எங்கள் அறிக்கையை அச்சடித்து வைத்திருந்தார். முதல் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"எங்கள் முதல் பிழை தவறு," என்று ஆரம்பித்தாள் க்ளோடின். "ஞாயிற்றுக்கிழமை இங்கே துவைப்பதில்லை என்று நேற்றுதான் தெரிந்துகொண்டோம். தெரியாததைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை." பிறகு நிலவறையில் பார்த்ததைச் சொன்னாள். அடித்து எழுதிய தாளின் படத்தைக் காட்டினாள். வதனியின் வெள்ளிக்கிழமையையும் ரோசாவின் புதன்கிழமையையும் விளக்கினாள்.

மார்ட்டின் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வரி வரியாகப் பார்த்தார். "எங்கள் குழுவில் ஆறு பேர்," என்றார் கடைசியில். "ஆறு பேருக்கும் வீட்டுக்குள்ளேயே சொந்த இயந்திரம் இருக்கிறது." அவ்வளவுதான். புதன்கிழமை நான்கு மணிக்குள் பதில் வரும் என்று கை குலுக்கி அனுப்பிவிட்டார். ரயில் நிலையத்தில் நாலரை ஃபிராங் காபியை ஆளுக்கொன்று வாங்கிக் குடித்தோம்.

செவ்வாய்க்கிழமை அபிரா ஆற்றங்கரைக்கும் பழைய நகரத்துக்கும் கூட்டிப் போனாள். அழகான ஊர்தான். எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை.

புதன் மத்தியானம் மூன்று ஐம்பது. மறுபடி சூரிக் விமான நிலையம். பாதுகாப்புச் சோதனை தாண்டி உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது. பன்னிரண்டு பேருக்கும் ஒரு வருட வேலை. முதல் பணி, முறை மாற்றிக்கொள்ளும் வசதியைச் சோதிப்பது. கீழே ஒரு நிபந்தனை: இனி அறிக்கையில் சோதித்தவரே கையெழுத்திட வேண்டும், மேற்பார்வையாளரின் கையெழுத்து தேவையில்லை.

மேற்பார்வையாளர் நான்தான். ஒரு நிமிடம் சுருக்கென்றது. என் இருபது வருடப் பழக்கத்தில் எதை எடுத்துவிட வேண்டும் என்று அந்த மனிதர் சரியாகக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்து கண் கலங்கிவிட்டது. க்ளோடின் கிகாலிக்குப் போன் போட்டாள். வகுப்பு முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லையாம். எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லாமல், பன்னிரண்டு பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. தன் பெயரைக் கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

நான் வதனியை அழைத்தேன். பின்னால் ஏதோ பெரிதாகச் சுற்றும் சத்தம்.

"கிடைச்சுதோ அக்கா?"

"கிடைச்சுது வதனி. பன்னிரண்டு பேருக்கும்."

 இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மொழி தெரியாத தனக்கும் ஒருத்தி வேலைக்கான படிவம் நிரப்பிக் கொடுத்தாள் என்று சொன்னாள்.

"நீ எங்கே இருக்கே, இவ்வளவு சத்தமா இருக்கு?" என்று கேட்டேன்.

"கீழ நிக்கிறன் அக்கா. இண்டைக்குப் புதன் எல்லோ, எங்கட முறை. நீங்கள் படுத்த விரிப்பு போர்வையெல்லாம் போட்டிருக்கிறன். அடுத்த முறை வரேக்க சுத்தமா இருக்கோணும்."