எல்லா இடத்திலும் ஆடிய லென்

லென் பார்ட்ரிட்ஜ் பன்னிரண்டு வருடம் இங்கிலாந்தின் நான்காவது டிவிஷனில் கால்பந்து விளையாடினார். எந்த இடத்து ஆட்டக்காரர் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. யாருக்குக் கால் உடைகிறதோ, அவருடைய இடம்தான் அந்த வாரம் லென்னுக்கு. ஒருமுறை கோல் கீப்பருக்கு அம்மை போட்டபோது கையுறையும் மாட்டினார்; நாலு கோல் விட்டார். உள்ளூர்ப் பத்திரிகை அவரை 'உபயோகமானவர்' என்று எழுதியது. அதற்கு மேல் ஒரு சொல் யாரும் எழுதவில்லை.

முழங்கால் கைவிட்ட பிறகு, 1991இல் மனைவி மோரீனுடன் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தார். ஹில்ஸ்பரோவில் வீடு, பென்ரோஸில் ஒரு பெயின்ட் கிடங்கில் வேலை. அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய இரத்தினசிங்கம் யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழர் அணி ஒன்றை மேய்த்துக்கொண்டிருந்தார். லென்னின் பழைய கதை தெரிந்ததும் அவரை விடவில்லை.

"நீங்கள் வந்து பழக்குங்கோ. பெடியள் நல்லா ஓடுவாங்கள். எல்லாரும் ஒரே பக்கம் ஓடுவாங்கள், அதுதான் பிரச்சினை."

உண்மைதான். பதினாலு பேரில் பதினொருவர் கோல் அடிக்க மட்டுமே வந்தவர்கள். லென் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தார்: வாராவாரம் எல்லாரையும் இடம் மாற்றினார். முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினார்கள்.

சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த விக்னேஷுக்குப் பொறுக்கவில்லை. "சார், நான் காலேஜ் டீம் ஸ்ட்ரைக்கர் சார்! என்னைப் போய் லெஃப்ட் பேக்ல நிறுத்துறீங்களே!"

"ஸ்ட்ரைக்கர் எப்படி ஏமாற்றுவான் என்று உனக்குத்தானே தெரியும்? அவனைப் பிடி."

விக்னேஷ் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பிடிக்கத் தொடங்கினான்.

1994இன் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். அணிக்கொரு கோல் என்றிருந்தபோது கீப்பர் சுந்தரமூர்த்தி விரலை உடைத்துக்கொண்டார். அன்று மாற்று ஆள் யாரும் வரவில்லை. லென் வாயைத் திறக்கும் முன்பே விக்னேஷ் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லாமலே இன்னொருவர் லெஃப்ட் பேக்குக்கு நகர்ந்தார். கடைசி நிமிடத்தில் பெனால்டி. விக்னேஷ் வலப்பக்கம் பாய்ந்தான். பந்து நடுவே வந்து, பின்னால் கிடந்த அவன் காலில் பட்டு வெளியே போனது.

"பாத்துத்தான் மறிச்சனீரோ?" என்றார் இரத்தினசிங்கம்.

"ஆமா சார், பிளான்தான்."

லென் ஈரப்புல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். இங்கிலாந்தில் ஆடிய பன்னிரண்டு வருடத்தில் தன் அணி எதிலிருந்தும் தப்பி அவர் பார்த்ததில்லை.

1997இல் மனுகாவ் பக்கத்துப் பெரிய கிளப் ஒன்று அவரைப் பயிற்சியாளராக அழைத்தது. சொல்லக் கூச்சப்பட்டு மூன்று வாரம் மறைத்தார். விஷயம் தெரிந்ததும் இரத்தினசிங்கம், "போங்கோவன், ஆர் மறிச்சது?" என்றார்.

அங்கே முதல் ஆட்டத்துக்குப் பழைய அணி முழுவதும் வந்து, லென்னின் முதுகுக்குப் பின்னால் நின்று, இரண்டு நாட்டுத் தமிழிலும் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் பொறுத்த லென் திரும்பினார்.

"வாயை மூடுங்கோ!" என்றார், அட்சர சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்.

அவர்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். என்ன சத்தம் என்று புதிய அணி திரும்பிப் பார்த்த நேரத்தில் எதிராளி கோல் போட்டுவிட்டான்.